நூற்றுப் பதினேழு நாள்

"நூத்திப் பதினேழு நாள்! ஒரு நாள் விடலைங்க பிரசிடெண்ட். தினம் என் மடையை அடைக்கிறான்."

சிவசாமி போட்ட சத்தத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

எதிரே காயாரோகணம் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லை. சிவசாமியின் மேல்வயலைக் குத்தகைக்கு உழுபவர் அவர். காலி செய் என்று சிவசாமி போட்ட வழக்கு பதினோரு வருடமாகக் கோர்ட்டில் கிடக்கிறது. அந்த மேல்வயலைத் தாண்டித்தான் சிவசாமியின் கீழ்வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும். கேட்கவா வேண்டும்?

"ஆளை அனுப்பித் திறந்துவிடச் சொல்றதுதானே? வீட்லேர்ந்து வயல் ரெண்டு மைலாச்சே" என்றார் பிரசிடெண்ட் நீலமேகம்.

"ஆளையா? அவனையும் இவன் கைக்குள்ள போட்டுக்குவான். விடிஞ்சதும் நானே போய்ப் பார்த்தாத்தான் எனக்குக் காப்பி இறங்குது. ரெண்டு கை களிமண்ணுங்க, கால்ல தள்ளினா போயிடும். என்னை அலைய விடணும்னே வைக்கிறான்!"

"ஆளும் இளைச்சுட்டீங்க."

"எல்லாம் இவன் குடுத்த கவலை."

நீலமேகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயம்தானே? கோர்ட்டில் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். பயிருக்குப் போகிற தண்ணீரை அடைப்பவனை எந்த ஊர் மன்னிக்கும்?

"அடைச்சது நீதானா?"

"நான்தாங்க."

"ஏன்யா?"

காயாரோகணம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இனிமே மடையில கை வச்சே, உனக்கு முறைத்தண்ணி கிடையாது. உன் பயிர் காஞ்சு போகும்."

"மடையைத் தொடமாட்டேங்க."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டில் காயாரோகணத்துக்கு அவர் மனைவி எல்லையம்மாள் சோறு போடவில்லை.

"மனுஷன்கிட்ட காட்ட வேண்டிய வீரத்தைப் பயிர்கிட்டயா காட்டுறீங்க? நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுக் களையெடுக்கப் போவேன்?"

கொல்லைப்புறம் யாரோ வருவது தெரிந்தது. சிவசாமியின் மனைவி சௌந்தரநாயகி. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எல்லையம்மாள் பயந்து எழுந்தாள்.

வந்தவர் அழுதார்.

"போதும்ண்ணே. நான் கேட்டுக்கிட்டேங்கிறதுக்காக நீங்க ஊர் முன்னால இவ்வளவு அவமானப்பட வேணாம்."

"மன்னார்குடி டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்றார் காயாரோகணம்.

"அவருக்குச் சர்க்கரை நல்லா இறங்கியிருக்காம். நடையை விட்டா மறுபடி ஏறிடும், காலை எடுக்கிற மாதிரி ஆயிடும்னு பயமுறுத்துறார். நான் கேன்வாஸ் ஷூ வாங்கிக் குடுத்தேன், மூணு நாள் நடந்தார். கோயில் குளத்தைச் சுத்துங்கன்னேன், ஒரு வாரம். உங்க மேல உள்ள கோபத்துலதான் இத்தனை நாளும் நடந்தார்."

காயாரோகணம் மண்வெட்டியை எடுத்தார்.

"மடையைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டீங்களே!" என்றார் சௌந்தரநாயகி.

"மடையைத்தானேம்மா சொன்னேன்? கீழ்வயல் வரப்பு இருக்குல்ல. ஒரு சாண் வெட்டி வச்சா, ஐயா விடியறதுக்கு முன்னாடியே வந்துடுவாரு."

எல்லையம்மாளுக்குத் தாங்கவில்லை. "நம்மளை நிலத்தை விட்டு விரட்டத் துடிக்கிறவருக்கா இதெல்லாம்?"

"தை மாசம் வாய்தா இருக்கு, எல்லை. கோர்ட்டுல எனக்கு எதிரா நிக்கிறவரு ரெண்டு காலாலயும் நிக்கணும்."