கைக்குள் ஒரு சிவப்பு மணி

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஆட்டத்தை நடத்தும் அண்ணி அரக்கன் பொம்மையை ஒரு கட்டம் முன்னே நகர்த்துகிறாள். அண்ணன் வாள்வீரன், தங்கை மந்திரவாதி. அவள் மந்திரம் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்பு மணியைக் கொடுத்துவிட வேண்டும். இதுவரை வந்த சண்டைகளையெல்லாம் அவளுடைய நெருப்பு மந்திரமே முடித்துவிட, தன் முறை வருமென்று அண்ணன் பகடையும் கையுமாகக் காத்திருந்ததுதான் மிச்சம். வாரம் முழுக்க உட்கார்ந்து தன் வீரன் பொம்மைக்கு வண்ணம் தீட்டியிருக்கிறான். வாள் நுனியில் வெள்ளிப் பூச்சு மின்னுகிறது. அதைப் பார்க்கப் பார்க்கத் தங்கைக்கு உறுத்துகிறது. மிச்சமிருக்கும் ஒரே சிவப்பு மணியை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். "என் மந்திரமெல்லாம் தீந்துபோச்சுண்ணா. இனி நீதான்." அண்ணன் நிமிர்ந்து உட்காருகிறான். பகடை உருண்டு போய்த் தேநீர்க் குவளையில் மோதி நிற்கிறது. "அரக்கன் விழுந்துட்டான்!" என்று அண்ணி கத்துகிறாள். அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். தங்கை கைதட்டப் போகிறாள். ஒரு கைதான் மேலே எழுகிறது; மற்றது மணியை மூடியபடியே இருக்கிறது. அவன் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்கிறான். வாள்வீரனை வைத்த பிறகும் மூடவில்லை. திறந்த பெட்டியை அவள் மூடிய கையருகே நகர்த்துகிறான். "அதையும் போடும்மா," என்கிறான்.