இடது நாணின் வீம்பு

மீன் ஏலம் விடும் ரொசாரியம்மாளின் தொண்டைக்குள் இரண்டு குரல்நாண்கள் குடியிருந்தன. விடியற்காலையில் "நெத்திலிக் கூடை!" என்று அவள் கூவும்போதெல்லாம் இரண்டும் நடுவில் ஓடிவந்து சேரும். கடற்கரையே திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் இடது நாண் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வலது மட்டும் நடுவில் வந்து நின்றது. இடைவெளியில் வெறும் காற்றுதான் போனது. ஏலம் வேறொருத்தி கைக்குப் போனது.

யார் சத்தம் பெரிது என்று அதற்கு முன்பு நாண்கள் இரண்டும் சண்டை போட்டிருந்தன. அந்த வீம்புதான் இது என்று நினைத்து வலது அதனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் விடிந்தால் போதும், அந்தப் பழைய கூவலும், ஒன்றோடொன்று தட்டி அதிர்ந்த சுகமும் நினைவுக்கு வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு குட்டிக் கேமரா இறங்கி வந்தது. "ஈ சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். வலது அசைந்தது. இடது அப்படியே கிடந்தது.

"வீம்பு பிடிச்சவன்" என்றது வலது.

"வீம்பு இல்லப்பா" என்றது கேமரா. "இவனுக்குச் சேதி கொண்டுவர்ற நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கி, சுத்திட்டு மேல வருது. வழியில எதுவோ அமுக்குது போல. எதுன்னு ஸ்கேன்லதான் தெரியும்."

கேமரா போனதும் வலது மெல்லக் கேட்டது: "அப்போ உனக்குச் சேதியே வரலையா?"

"இல்லையே. நீ என்னை விட்டுட்டுத் தனியாப் போறேன்னுல்ல நினைச்சேன்."

வாசலில் முதுகு காட்டி நின்ற மகளை ரொசாரியம்மாள் கூப்பிட்டாள். வலது நாண் முதன்முறையாக நடுக்கோட்டைத் தாண்டிப் போய் இடதின்மேல் சாய்ந்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள்.