நத்தை போன்

"என்னங்க, என் போன் நத்தையா ஊருது. எங்க தொட்டாலும் ஏன்னு கேட்க மாட்டேங்குது. கடையில கொடுத்துடட்டுமா?"

கழற்றிப் போட்ட வாஷிங் மெஷினுக்கும் மலையாகக் குவிந்த அழுக்குத் துணிக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்தார். அவர் கை பட்டால் செத்த போனும் எழுந்து சலாம் போடும் என்பது உலகறிந்த விஷயம். உலகத்துக்குச் சொன்னவரும் அவரேதான்.

"கடையா? நான் எதுக்கு இருக்கேன்? கொண்டா! மெஷினை வந்து பார்த்துக்கறேன். எந்த மெக்கானிக்கும் வாசப்படி மிதிக்கக் கூடாது, ஆமா!"

மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனை அணைத்துப் போட்டார். லட்சோப லட்சம் 'காலை வணக்கம்' படங்களை அழித்தார். அப்போதும் அது அசையவில்லை. ஆனால் அவரா விடுவார்? மதியம் தாண்டி, வெற்றி வீரராக இறங்கி வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! மெமரி முழுக்க நம்ம சீலிங் ஃபேன் சுத்தற வீடியோ. மணிக்கணக்கா ஓடியிருக்கு. கை பட்டிருக்கும் உனக்கு. இப்ப பாரு, மான் மாதிரி ஓடுது!"

"உங்களை மாதிரி வருமா!" என்றாள் மனைவி.

அப்போதுதான் கவனித்தார். வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க முக்கால்வாசி முடிச்சிருந்தீங்க மாமா. நாங்க சும்மா மூடினோம், ஓடிடுச்சு" என்றாள் மருமகள்.

"நான் அப்பவே சொல்லல?" என்று மீசையைத் தடவியபடி குளிக்கப் போனார்.

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "மெக்கானிக் பின்வாசல் வழியா போயிட்டார் அத்தை. நாளைக்கு ஃப்ரிட்ஜைப் பார்க்க வர்றாராம்."

"அப்படியா? சரி, உன் போனை ஃபேனைப் பார்த்து மல்லாக்க வச்சு, வீடியோவைப் போட்டு விடும்மா."