மகாராணி யாருக்குக் கறக்கும்?

"அண்ணி, நீங்க சும்மா இருங்க! பாலைத் திருடறது இவன்தான். இன்னிக்கே அனுப்பிடுங்க!"

நாத்தனார் போட்ட சத்தத்தில் கொட்டகையின் கறவை மெஷின் ஓடியிருந்தால்கூடக் காதில் விழுந்திருக்காது. அதுவும் ஓடவில்லை. வழக்கம்போல ரிப்பேர். மெஷின்காரர் ஒரு மூலையில் குனிந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணன் காலமான பிறகு, பண்ணைக்கு நாத்தனாரே காவல். யாரும் நியமிக்கவில்லை; தானாகப் பதவியேற்றுக்கொண்டாள்.

"அக்கா, குறையறது மகாராணி பால் மட்டும்தான்," என்றான் கறவைக்காரன். "அது என்னைக் கிட்ட விட்டாத்தானே திருட? போன வாரம் வாங்கின உதைக்கு இன்னும் நொண்டறேன்."

மகாராணி செவலைப் பசு. மெஷினைக் கண்டால் ஆகாது, மனிதரைக் கண்டால் சுத்தமாக ஆகாது. அண்ணியோ அவள் மகளோ தொட்டால்தான் மடி சுரக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் பாலை அடக்கிக்கொண்டு காலைத் தூக்கும்.

"பார்த்துடலாம். வெளியாள்ல யாருக்குக் கறக்குதோ, அவன்தான் திருடன்!"

கறவைக்காரன் உட்கார்ந்தான். ஒரே உதை. வாளி உருண்டது.

"நடிக்கிறான்!" என்று நாத்தனாரே உட்கார்ந்தாள். இந்த முறை உருண்டது வாளி மட்டுமல்ல.

"எப்படியிருந்தாலும் இவன் வேண்டாம்," என்றாள், ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டியபடி. "வேற இடம் பாத்துக்கப்பா."

கறவைக்காரன் முகம் செத்துப்போனது.

மெஷின்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, வெந்நீரில் கையைக் கழுவி, மடியைத் துடைத்து, மகாராணியின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்தார். சர் சர்ரென்று பால் இறங்கியது. மகாராணி கண்ணைப் பாதி மூடி அசை போட்டது.

"அவன் எடுக்கலீங்க. ரிப்பேருக்கு வர்ற அன்னிக்கெல்லாம் காபிக்குப் பால் கறந்துக்கிட்டது நான்தான்."

நாத்தனாரின் பார்வை அண்ணன் மகள் மேல் பாய்ந்தது. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஓஹோ! வீட்டாள் பழக்கிவிடாம இது வெளியாளுக்குக் கறக்குமா? இந்த மெஷின் ஏன் வாராவாரம் படுக்குதுன்னு இப்பத்தானே புரியுது! ஏன்டி, உன் வயசென்ன, அவர் வயசென்ன?"

"அதையேதான் அத்தை நானும் கேக்கறேன்."

"வாய வேற பாரு! அண்ணி, நாலு பேர் சிரிக்கறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடுங்க. சாட்சிக் கையெழுத்து நானே போடறேன்."

"நிஜமாவா?" என்றாள் அண்ணி, மெதுவாக.

"நான் சொன்னா சொன்னதுதான்!"

சொன்னபடியே அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள் நாத்தனார், மணப்பெண் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு. பண்ணையை இப்போது மகள் நடத்துகிறாள். கறவைக்காரனும் அங்கேயேதான் இருக்கிறான். மெஷின் ஒருநாள்கூடப் படுப்பதில்லை. அண்ணிதான் மெஷின்காரரோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள், மகாராணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு.