வத்தல் கிடங்கில் இருமல்

விருதுநகர் மிளகாய் வத்தல் கிடங்கில் காம்பு கிள்ளும் பெண்களுக்கு இருமல்தான் விடுமுறை. நெடி ஏறி மூச்சு இறுகினால் வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்காரலாம். பாதி இருமல் நிஜம், மீதி நடிப்பு. நடிப்பில் சீனியம்மாளை மிஞ்ச ஆளில்லை.

அதற்கும் வேட்டு வைத்தார் முதலாளி தங்கமாரியப்பன். எல்லார் கழுத்திலும் ஒரு பட்டையை ஒட்டிவிட்டார். நெடி ஏறியதுமே அது நரம்பை உசுப்பும். நரம்பு மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்திவிடும்; இருமலே வராது. சீனியம்மாள் பொய்யாக இருமினால், மூச்சு சீராக ஓடுகிறதென்று பட்டையின் பச்சை விளக்கு காட்டிக்கொடுத்தது.

"மூச்சு நல்லாத்தான் வருது மதினி. மூச்சு விடத்தான் நேரமில்ல" என்று புலம்பினாள் பக்கத்திலிருந்த ராக்கு.

மூன்றாம் நாள் முதலாளி வேலையை மேற்பார்க்க வந்தார். முன்பெல்லாம் வாசலோடு நின்றுகொள்வார். இப்போது ஒருத்தியும் இருமாததால் உள்ளே நெடியே இல்லையென்று நினைத்துவிட்டார். அவர் கழுத்தில் பட்டை கிடையாது. மைனர் செயினை மறைக்குமாம்.

நான்கே எட்டுதான் எடுத்து வைத்தார். இருமி இருமிக் கண்ணீர் வடிய வெளியே ஓடினார். சீனியம்மாள் செம்பில் தண்ணீரோடு பின்னாலேயே போனாள். வேப்பமரத்தடியில் அவரை உட்காரவைத்து, முறத்தால் விசிறியபடி தானும் உட்கார்ந்தாள். முழுசாகப் பத்து நிமிடம்.

"தினமும் வந்து பாருங்க அண்ணாச்சி. நீங்க வந்தாத்தான் எங்களுக்கும் பயம் இருக்கும்."

"பட்டை ஒண்ணு ஒட்டிக்கிடவா?"

"ஐயையோ, செயினோட அழகே போயிரும்!"

உள்ளே ராக்கு, நாளைக்கு விசிறப் போவது யாரென்று சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.