தீவின் மறுபக்கம்

“நகையெல்லாம் கழட்டி வச்சிட்டு வா. பழைய சேலையா உடுத்திக்கோ.”

காலையில் மந்திரமூர்த்தி இப்படிச் சொன்னபோது செல்லத்தாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வள்ளம் கரையை விட்டு விலகி, துறைமுகத்துப் பண்டகசாலைகள் தீப்பெட்டிகளாகச் சிறுத்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. காற்று வாங்கப் போகிறவள் நகையை ஏன் கழற்ற வேண்டும்?

யுத்தம் முடிந்து வந்த முதல் கோடை அது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த நாளிலிருந்து அவள் வீட்டை விட்டு எங்கேயும் போனதில்லை. முயல் தீவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவன் கூப்பிட்டதும் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். ஆனால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திருச்செந்தூர் கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று அவன் தன் தாயாரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கருப்பட்டிக் கடை வைத்திருந்த மந்திரமூர்த்திக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் முத்துக்கனி இதே கடலில்தான் செத்துப்போனாள். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ்தான் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து சொன்னாள். வள்ளம் கவிழ்ந்து புருஷன் பெண்டாட்டி இருவருமே தண்ணீரில் விழுந்தார்களாம். அவன் மட்டும் திரும்பி வந்தானாம். என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையாம். சூதானமாக இருந்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வள்ளம் பாதி வழி போனதும் மந்திரமூர்த்தி திடீரென்று, அவள் பிறந்த ஊரான ஓட்டப்பிடாரத்துக் கண்மாயில் தண்ணீர் கிடக்குமா, இறங்கிக் குளிப்பாயா என்று கேட்டான்.

கோடையில் மாட்டுக்குக்கூடக் குளம்பு நனையாது என்றாள் செல்லத்தாய். மழை பெய்து நிறைந்தாலும் கரையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. அதைக் கேட்டு, நினைத்தது சரிதான் என்பதுபோல அவன் தலையை ஆட்டினான்.

தீவு நெருங்கியது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் திருப்பப் போன வள்ளக்காரன் இனிகோவிடம், சுற்றிக்கொண்டு மறுபக்கம் விடச் சொன்னான் மந்திரமூர்த்தி.

“அங்கன ஒருத்தரும் வரமாட்டாவ, அண்ணாச்சி.”

“அதுக்குத்தான்.”

இறங்கியதும், பொழுது சாய வந்தால் போதும் என்று இனிகோவை அனுப்பிவிட்டான். வள்ளத்தின் பாய் விலகிப் போவதை செல்லத்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? கட்டின புருஷன் கூடத்தானே நிற்கிறான்.

அவன் சாக்குப்பையை உதறினான். உள்ளேயிருந்து கனத்த கயிறு ஒன்று விழுந்தது.

அவள் காலடியில் உடைந்த சங்கு ஒன்று கிடந்தது. சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அதை எடுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

மந்திரமூர்த்தி கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டினான். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். சொன்னால் வரமாட்டாய் என்றான்.

முழங்கால் வரை வந்தது தண்ணீர். பிறகு இடுப்பு. திரும்பி ஓடலாம் என்றால் கயிறு அவன் கையில் இருந்தது. ஓடினாலும் மணலைத் தவிர அந்தக் கரையில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் இழுத்துக்கொண்டே போனான்.

நெஞ்சளவுக்குப் போனதும் ஓர் அலை எழும்பி வந்தது. அவள் காலுக்கடியில் மணல் இல்லாமல் போயிற்று. அதே நேரத்தில் அவன் கை அவள் வயிற்றுக்கடியில் வந்து, அவளை அப்படியே தண்ணீர்மேல் சாய்த்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது.

செல்லத்தாய் முந்தானைக்குள்ளிருந்த சங்கை எடுத்து அவன் நெற்றியில் ஓங்கி அடித்தாள்.

“என்னையும் கொன்னுராதிய.”

அடிக்கு அசையாதவன் அந்தச் சொல்லுக்கு அப்படியே நின்றுவிட்டான். புருவத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கரைக்கு நடந்தான். மணலில் இறக்கிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் சங்கை இன்னும் கீழே போடவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துப் பேசினான்.

“அவ கைக்கெட்டுற தூரத்துலதான் முங்குனா. நான் கவுந்த வள்ளத்தப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துட்டே கெடந்தேன்.”

செல்லத்தாய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“அப்ப எனக்கும் நீச்சல் தெரியாதுளா. இப்பத் தெரியும். உனக்குப் படிச்சுக் குடுக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்.”