மாடி மேல் போர்டு

"உன் சம்மதத்துலதான் வச்சோம்னு சொல்லு பெருசு. மாத்திப் பேசின, மவனே, ஊர்ல இருக்க மாட்ட," என்று வெற்றி கிழவர் சிலுவைமுத்துவின் காதைக் கடித்தான்.

அவருடைய தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் ராட்சச விளம்பர போர்டு வைத்தவன் அவன்தான். வீட்டு மாடியில் போர்டு வைக்கத் தடை; விதிவிலக்கு கேட்க வீட்டுக்காரரே வரணுமாம். கிழவரை மாநகராட்சி மண்டல ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாடியில விரிசல்னு புகார் வந்திருக்கே ஐயா?" என்றாள் அதிகாரி மோகனப்ரியா.

"பொய்யிம்மா," என்றார் சிலுவைமுத்து. "வூடு கல்லு மாதிரி கீது. போர்டு இருக்கட்டும்."

"எங்க இன்ஜினியர் வந்து பார்த்துட்டார். காத்தடிச்சா இடிஞ்சிடும். விதிவிலக்கு கிடையாது. மூணு நாள்ல கழட்டணும்."

வெற்றி மேசையில் குத்தினான். "புகார் போட்டவன் கைய ஒடைக்காம வுட மாட்டேன்! யாரு மேடம் அவன்?"

"பேர் இல்லை. மொட்டைக் கடுதாசி."

கிளார்க் மைப்பெட்டியை நீட்டினார். "உத்தரவு வாங்கினதுக்கு ரேகை வைங்க, பெரியவரே."

குனிந்த சிலுவைமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. விரித்த ஃபைலில் அந்தக் கடுதாசி. டீக்கடைக்காரனிடம் சொல்லி எழுதவைக்கும்போது, பேரை மட்டும் போடாதே என்று நூறு தடவை சொன்னவர், எந்த மனுவுக்கும் வைக்கிற பழக்கத்தில், அடியில் கட்டைவிரலை அழுத்தித் தொலைத்திருந்தார்.

வெற்றி ஃபைல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

மோகனப்ரியா கடுதாசி மேல் உள்ளங்கையை வைத்தாள். மறுகையால் மைப்பெட்டியை அப்பால் தள்ளினாள்.

"ரேகை வேணாம் ஐயா. பேனாவைப் பிடிச்சு ஏதாவது கிறுக்குங்க, போதும்."